கெரெத்தாரோவிலிருந்து குவானஹுவாத்தோ வரை: ஒருநாள் சுற்றுலாவுக்கு ஆதரவாக

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மத்திய மெக்சிகோவில் கெரெத்தாரோ நகரத்திலிருந்து காலையில் ஒரு சுற்றுலா வேன் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சான் மிகெல் தெ அய்யெந்தே, அதோதொனில்கோ, தொலோரெஸ் இதால்கோ, குவானஹுவாத்தோ என்று நான்கு ஊர்களைக் காட்டிவிட்டு இரவில் கிளம்பிய இடத்திலேயே இறக்கிவிடுகிறது. சுமார் முந்நூறு கிலோமீட்டர். மலை வளைவுகளையும் ஊர் நெரிசலையும் சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தையும் கழித்தால் ஓர் ஊருக்கு ஒன்றரை மணி நேரம்கூடத் தேறாது. இதைக் கேட்டதும், விவரம் தெரிந்தவர்கள் நுனிப்புல் மேய்கிற வேலை என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்கள் வீண் என்று தள்ளுகிற அந்த ஐந்து மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் உயிர் என்பது என் வாதம். இந்த நான்கு ஊர்களும் தனித்தனியே வளர்ந்து பிறகு சாலையால் இணைக்கப்பட்டவை என்று நினைக்கிறோம். உண்மையில் சாலை முதலில் வந்தது. ஊர்கள் அதன் தேவைக்காக நிலைத்தன. அந்தச் சாலையில் ஒரே நாளில், வாய் திறந்து பேசுகிற ஒரு வழிகாட்டியோடு போய்வருவது, ஒரே ஊரில் ஒரு வாரம் தங்குவதைவிடச் சில விஷயங்களை நன்றாகக் காட்டும்.

சாலை ஏன் வந்தது? 1546இல் வடக்கே சகத்தேகாஸில் வெள்ளி கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் குவானஹுவாத்தோ மலைகளிலும் கிடைத்தது. வெள்ளியைத் தலைநகரத்துக்குக் கொண்டுவரவும், சுரங்கத்துக்கு வேண்டியதை மேலே ஏற்றவும் ஒரு வண்டிப்பாதை தேவைப்பட்டது. 'உள்நாட்டு அரச பாதை' என்று பெயர் பெற்ற அது, பின்னாளில் மெக்சிகோ நகரத்திலிருந்து இன்றைய அமெரிக்காவின் சான்டா ஃபே வரை 2,560 கிலோமீட்டர் நீண்டது. 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்தப் பாதையையே சேர்த்தது. ஓர் ஊரையோ கோயிலையோ சேர்ப்பது போல ஒரு சாலையைச் சேர்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பாதை போன நிலம் சிச்சிமேக்கர்கள் என்று பொதுப்பெயரால் அழைக்கப்பட்ட நாடோடி மக்களின் நிலம். அவர்கள் சும்மா விடவில்லை. நாற்பது ஆண்டுகள் போல நீடித்த சண்டையில் ஸ்பானியர்களால் படைபலத்தால் ஜெயிக்க முடியவில்லை. கடைசியில் சோறும் துணியும் கொடுத்துத்தான் சமாதானம் வாங்கினார்கள். 1542இல் ஹுவான் தெ சான் மிகெல் என்ற பிரான்சிஸ்கன் துறவி அமைத்த சின்னக் குடியிருப்பு தாக்குதலுக்கு ஆளாகி, 1555இல் பாதைக்குக் காவலாகத் திரும்ப நிறுவப்பட்டது. இன்று ஓவியக் கூடங்களும் மொட்டைமாடி உணவகங்களும் நிறைந்திருக்கும் சான் மிகெல், மறுபிறப்பால் ஒரு சாவடி.

வெள்ளியைப் பாறையிலிருந்து பிரிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் மற்ற ஊர்களின் வேலை தானாகப் புரியும். 1550களில் பச்சூக்காவில் பர்தொலொமே தெ மெதீனா என்பவர் செயல்படுத்திய முறை அது. தாதுவை மாவாக அரைத்து, கல் பாவிய முற்றத்தில் சேறாகப் பரப்புவார்கள். உப்பும் பாதரசமும் சேர்த்து, கோவேறு கழுதைகளை அந்தச் சேற்றில் வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றி மிதிக்க விடுவார்கள். வெள்ளி பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். கழுவி, சூடேற்றினால் பாதரசம் ஆவியாகி வெள்ளி நிற்கும். இதற்கு என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். பாதரசம் ஸ்பெயினின் அல்மதேன் சுரங்கத்திலிருந்து கடல் தாண்டி வர வேண்டும். உப்பு வடக்கே உப்பு ஏரிகளிலிருந்து வர வேண்டும். கழுதைகளுக்குத் தீனி, ஆட்களுக்கு மக்காச்சோளம், தாது சுமக்கத் தோல்பை, சுரங்க இருட்டுக்குக் கொழுப்பு மெழுகுவர்த்தி, மலைக்குளிருக்குக் கம்பளி. இந்த ஊர்களைச் சுற்றியுள்ள வளமான பஹீயோ சமவெளி இதையெல்லாம் விளைவித்தது, நெய்தது, தைத்தது. சான் மிகெலின் பணக்கார மாளிகைகள் கம்பளியாலும் கால்நடையாலும் சரக்குப் போக்குவரத்தாலும் எழுந்தவை. ஆக, வேனில் நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம் என்று கடக்கிற தூரங்கள் ஒரே தொழிற்சாலையின் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போகிற தூரங்கள்தான். அந்தத் தொழிற்சாலையின் வாடிக்கையாளர்களில் நம் கடற்கரையும் உண்டு. அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் போன மெக்சிகோ வெள்ளி, துணி வாங்க மதராசுக்கும் வந்தது. மணிலா வணிகத்தில் பொருள் சேர்த்த ஆர்மீனியர் பெத்ருஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் கட்டிய மர்மலாங் பாலத்தில் அந்த வெள்ளி கொஞ்சம் கலந்திருக்கும். எந்தச் சுரங்கத்து வெள்ளி என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இனி 1810க்கு வருகிறேன். மெக்சிகோ விடுதலைப் போரின் தொடக்கமாகப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் வருவது ஒரு மணியோசை. செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை விடியலில் தொலோரெஸ் பங்குத்தந்தை மிகெல் இதால்கோ தேவாலய மணியை அடித்து மக்களைத் திரட்டினார். அந்த மணி இப்போது தொலோரெஸில் இல்லை. 1896இல் தலைநகரத்து அரண்மனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மணிக்கு முந்தைய இரவைப் பார்த்தால்தான் சாலை தெரிகிறது. ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக இதால்கோவும் நண்பர்களும் தீட்டிய சதி கெரெத்தாரோவில் அம்பலமானது. அங்கே நகர நிர்வாகியின் மனைவி ஹொசெஃபா ஒர்திஸ், வீட்டுக்குள் பூட்டப்பட்ட நிலையிலும் சிறைக்காவலர் இக்னாசியோ பெரெஸுக்குச் சேதி சேர்த்தார். பெரெஸ் குதிரையில் சான் மிகெலுக்கு விரைந்தார். அங்கே சதித் தலைவர்களில் ஒருவரான இக்னாசியோ அய்யெந்தே இல்லை. அவருடைய கூட்டாளி ஹுவான் அல்தாமாதான் இருந்தார். அல்தாமா இரவோடு இரவாக தொலோரெஸுக்குப் போய், பின்னிரவில் இதால்கோவை எழுப்பினார். கெரெத்தாரோ, சான் மிகெல், தொலோரெஸ் என்ற இந்த வரிசை நம் சுற்றுலா வேன் போகிற அதே வரிசை. மணி அடித்த பிறகு படை எதிர்த்திசையில் கிளம்பியது. அதோதொனில்கோ கோயிலிலிருந்து குவாதலூப்பே அன்னையின் படத்தை எடுத்துக் கொடியாகப் பிடித்து, அன்று மாலையே சான் மிகெலுக்குள் நுழைந்தது. காலையில் அந்தச் சாலையில் வடக்கே போகிற பயணிக்கு, 'நாம் இப்போது செய்தி போன திசையில் போகிறோம். படை நமக்கு எதிரே வந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு வழிகாட்டி சொன்னால் போதும். எந்த அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டியும் அதைச் செய்யாது.

அந்தப் படை வழியெங்கும் ஏன் பெருகிக்கொண்டே போனது என்பதற்கும் விடை வழியில்தான் இருக்கிறது. 1785-86இல் பனியும் வறட்சியும் சேர்ந்து மக்காச்சோளம் பொய்த்து, அந்த வட்டாரம் பட்டினியில் மடிந்தது. 'பசி ஆண்டு' என்றே அதற்குப் பெயர். இன்னொரு பசி வந்தால் சமாளிக்கத்தான் குவானஹுவாத்தோவின் ஆளுநர் ரியான்யோ 'அலோந்திகா தெ கிரனதீத்தாஸ்' என்ற தானியக் களஞ்சியத்தைக் கட்டினார். 1798இல் தொடங்கி 1809இல் முடித்தார்கள். முடிந்த கையோடு மறுபடி வறட்சி. சோளத்தின் விலை ஏறியது. 1810 செப்டம்பர் 28 அன்று இதால்கோவின் கூட்டம் நகரை நெருங்கியபோது, ரியான்யோ ஸ்பானியக் குடும்பங்களையும் அரசுப் பணத்தையும் அந்தக் களஞ்சியத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். நகரத்து மக்களை வெளியே விட்டுவிட்டார். பசிக்காகக் கட்டிய இடத்தில் பணக்காரர்கள் ஒளிந்துகொண்டதைப் பார்த்த சுரங்கக்காரர்கள் யார் பக்கம் போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கதவு எரிந்தது, ரியான்யோ முன்னதாகவே குண்டுபட்டு இறந்திருந்தார், உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். கிளர்ச்சி தோற்ற பிறகு 1811இல் இதால்கோ, அய்யெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் ஆகிய கிளர்ச்சித் தலைவர்கள் நால்வரின் தலைகளை இரும்புக் கூண்டுகளில் வைத்து அதே கட்டடத்தின் நான்கு மூலைகளில் தொங்கவிட்டார்கள். பத்து ஆண்டுகள், 1821 வரை, அவை அங்கேயே இருந்தன. இன்றும் அந்தக் கட்டடத்தின் கீழே நின்று அண்ணாந்தால், மூலைக்கு ஒரு கொக்கியும் ஒரு பெயரும் தெரியும். சுவரில் கோட்டைக்குரிய அலங்காரம் ஏதும் கிடையாது. உயரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரத் துளைகள். தானியத்துக்குக் காற்று வேண்டும் என்று விட்டவை. அவ்வளவு பெரிய சுவரில் அந்தத் துளைகளைப் பார்க்கிறபோதுதான், கட்டியவனின் மனத்தில் சோளம் மட்டுமே இருந்தது என்பது உறைக்கிறது.

இந்த ஒருநாள் பயணத்துக்கு வரும் முதல் மறுப்பு, ஒரு நாள் போதாது என்பது. எதற்குப் போதாது என்று நான் திருப்பிக் கேட்பேன். சான் மிகெலின் ஒவ்வொரு சந்துபொந்தையும் அறிய ஒரு நாள் போதாதுதான். ஆனால் சான் மிகெலில் ஒரு மாதம் தங்குகிறவருக்கு அந்த ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்லும்? 19ஆம் நூற்றாண்டில் வணிகம் நொடித்து அந்த ஊர் உறங்கிப்போனது. அதனாலேயே பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின. 1937இல் வந்து சேர்ந்த அமெரிக்கர் ஸ்டர்லிங் டிக்கின்சன் போன்றவர்களின் கலைப்பள்ளி முயற்சியும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு உதவித்தொகையில் படிக்க வந்த அமெரிக்கப் படைவீரர்களும் அதற்கு இரண்டாவது வாழ்வு கொடுத்தார்கள். எல்லாரும் படமெடுக்கிற இளஞ்சிவப்புத் தேவாலய முகப்பே 1880களில் செஃபெரினோ கூத்தியெரெஸ் என்ற உள்ளூர்க் கொத்தனார் எழுப்பியது. ஆக, அங்கே தங்குகிறவர் காண்பது பெரும்பாலும் 1880க்குப் பிந்தைய சான் மிகெலை. மெழுகுவர்த்தியும் கம்பளியும் குவானஹுவாத்தோவுக்கு ஏற்றிய பழைய சான் மிகெல் ஊருக்குள் நின்றால் தெரியாது. அதற்கு ஊரைவிட்டு வெளியே வந்து, மாலையில் குவானஹுவாத்தோவின் வலென்சியானா சுரங்க வாயிலில் நிற்க வேண்டும். அந்த ஒரு சுரங்கத்தின் பணத்தில் எழுந்து 1788இல் முடிந்த சான் கயெதானோ தேவாலயத்தில் மூன்று பீடங்கள் தங்கம் பூசி மின்னுகின்றன. சற்றுத் தள்ளி, ஐந்நூறு மீட்டர் ஆழமுள்ள குழி. 1803இல் அங்கே இறங்கிப் பார்த்த ஜெர்மானிய அறிஞர் ஹும்போல்ட், நூறு கிலோவுக்கு மேல் தாதுவை முதுகில் சுமந்து ஆயிரக்கணக்கான படிகள் ஏறி இறங்கிய கூலிகளைப் பதிவு செய்திருக்கிறார். காலையில் பார்த்த மாளிகையும் மாலையில் பார்க்கிற குழியும் ஒரே நாளின் நினைவில் ஒட்டிக்கொள்கின்றன. நாள் மாறினால் ஒட்டாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. வழிகாட்டிகள் சரித்திரம் சொல்வதில்லை, கதை அளக்கிறார்கள் என்கிறார்கள். குவானஹுவாத்தோவுக்கு மேலே குன்றில் பெரிய சிலையாக நிற்கும் 'பீப்பிலா'வை எடுத்துக்கொள்வோம். முதுகில் கற்பலகையைக் கட்டிக்கொண்டு துப்பாக்கிச் சூட்டினூடே தவழ்ந்து போய் களஞ்சியக் கதவுக்குத் தீ வைத்த சுரங்கத் தொழிலாளி என்பது கதை. இதை எழுதிப் பரப்பியவர் கார்லோஸ் மரியா புஸ்தமாந்தே. அப்போது குவானஹுவாத்தோவில் இளைஞராக இருந்து எல்லாவற்றையும் பார்த்த லூக்காஸ் அலமான், பின்னாளில் தன் வரலாற்று நூலில் அப்படியொரு பெயரையே ஊரில் யாரும் அறியவில்லை என்று மறுத்தார். அலமான் பழமைவாதி, புரட்சியை வெறுத்தவர். அவர் மறுப்பையும் அப்படியே விழுங்கத் தேவையில்லை. இந்த வழக்கை இரண்டு பக்கமும் சொல்ல வண்டியில் பத்து நிமிடம் போதும். சிலையின் காலடியில் நிறுத்திப் பாதிக் கதையைச் சொல்கிற வழிகாட்டி மோசமானவர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மோசமான வழிகாட்டி இருப்பதால் வழிகாட்டியே வேண்டாம் என்பது, கெட்ட வாத்தியார் இருப்பதால் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்வது போல. பலர் செய்கிற தவறு வேறு. வண்டியில் பாட்டைப் போட்டுவிட்டு ஊருக்குள் இறங்கியதும் ஓயாமல் பேசுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். பேச வேண்டியதை வழியிலேயே பேசிவிட்டு, ஊரில் மக்களை விட்டுவிட வேண்டும். அதோதொனில்கோவின் உட்கூரை முழுக்க 18ஆம் நூற்றாண்டில் போகாசாங்ரே வரைந்த ஓவியங்களின் கீழே நிற்கும்போது ஒருவர் காதருகில் பேசிக்கொண்டிருப்பது தொல்லை. வாசலில் நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர்களுக்கு விற்கிற முள்முடியையும் சாட்டையையும் பார்த்துவிட்டுத் தானே திகைக்கட்டும்.

கைபேசி இருக்கிறதே, எதற்கு ஆள் என்று கேட்பவர்களும் உண்டு. கைபேசி நாம் நிற்கிற இடத்தைப் பற்றிச் சொல்லும். நிற்காமல் கடந்து போகிற இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நமக்கே தோன்றாது. தொலோரெஸை நெருங்கும்போது சன்னல் வழியே தெரிகிற பச்சை வயல்களில் ப்ரோக்கோலி போன்ற காய்கறிகள் அமெரிக்கச் சந்தைக்காக விளைகின்றன; மெக்சிகோவில் ப்ரோக்கோலி அதிகம் விளைகிற மாநிலம் இந்தக் குவானஹுவாத்தோதான். அதற்கு நிலத்தடி நீரை ஆழத்திலிருந்து இறைத்து இறைத்து, லாஹா ஆற்றுப் படுகையின் பல கிணறுகளில் ஆர்சனிக்கும் ஃப்ளோரைடும் ஏறிவிட்டன. வெள்ளிக்காக விளைந்த சமவெளி இப்போது வேறொரு சந்தைக்காக விளைகிறது. இதை யாராவது கைநீட்டிக் காட்டினால்தான் பயணி வெளியே பார்ப்பார்.

வழிகாட்டிகள் கடைகளுக்கு இழுத்துப்போய் கமிஷன் வாங்குகிறார்கள் என்ற புகாரில் உண்மை உண்டு. ஆனால் தொலோரெஸ் பீங்கான் கடைகளை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பங்குத்தந்தை இதால்கோ ஊர் மக்களுக்கு மண்பாண்டப் பட்டறையும் பட்டுப்பூச்சி வளர்ப்பும் திராட்சைத் தோட்டமும் ஏற்படுத்திக் கொடுத்தவர். அங்கே ஒரு கிண்ணம் வாங்குவது அந்தச் சரித்திரத்திலேயே சேரும். சதுக்கத்தில் அவகாடோ, இறால், பன்றித்தோல் வறுவல் என்று எல்லாவற்றிலும் ஐஸ்கிரீம் விற்பார்கள். அதில் சரித்திரம் ஏதும் இல்லை, சாப்பிடலாம். நான் வெட்டச் சொல்வது குவானஹுவாத்தோவின் மம்மி அருங்காட்சியகத்தை. பயமுறுத்துகிற காட்சியாக அதை விற்கிறார்கள். இடுகாட்டு வரி கட்ட முடியாத குடும்பங்களின் பிணங்களை 1865 முதல் தோண்டியெடுத்தபோது கிடைத்த உடல்கள் அவை. ஏழைகளின் வரிப்பாக்கியைக் கண்ணாடிக்குள் வைத்து நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அலோந்திகாவின் படிக்கட்டில், ஹோசே சாவேஸ் மொராதோவின் சுவரோவியங்களுக்குக் கீழே செலவிடலாம்.

எனக்கே முழு விடை தெரியாத மறுப்பு ஒன்று உண்டு. இந்தச் சாலை சுரங்கக்காரர்கள், பாதிரியார்கள், படைகளின் சாலை. யாருடைய நிலத்தில் போடப்பட்டதோ அவர்கள் அதில் எங்கே? சிச்சிமேக்க ஹொனாஸ் மக்கள் தொலோரெஸுக்கு வடகிழக்கே, சான் லூயிஸ் தெ லா பாஸ் பக்கம் இன்றும் வாழ்கிறார்கள். எந்த ஒருநாள் வேனும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நானும் திருப்பச் சொல்ல மாட்டேன். காட்சிப்பொருளாக இன்னொரு நிறுத்தம் வேண்டாம். சான் மிகெலுக்கு முன்னால் அவர்கள் சண்டையை முழுதாகச் சொல்வது மட்டுமே செய்யக்கூடியது. அதில் ஒரு குறை மிஞ்சத்தான் செய்கிறது. சுற்றுலாவால் உள்ளூர்க்காரர்கள் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் ஊரைவிட்டே போகிறார்கள் என்பதும் நியாயமான கவலை. ஆனால் அந்தக் கவலை பகலில் வந்து பகலில் போகிறவரைவிட, ஒரு மாளிகையை வாங்கிப் பாதி ஆண்டு பூட்டி வைக்கிறவரைத்தான் அதிகம் சுட வேண்டும்.

கடைசியாக, திரும்பும் வழி. குவானஹுவாத்தோவுக்குள் பழைய ஆற்றுப் படுகையே நிலத்தடிச் சாலையாகிவிட்டது. வெள்ளம் ஊரை அழித்துக்கொண்டே இருந்ததால் ஆற்றைத் திருப்பிவிட்டு, 1960களில் வண்டிகள் ஓட விட்டார்கள். தலைக்கு மேலே வீடுகளின் அடிப்பாகம் தெரிய வேன் அதன் வழியே வெளியே வந்து, இராபுவாத்தோ, சலமான்கா, செலாயா என்று நெடுஞ்சாலையில் கெரெத்தாரோவுக்குத் திரும்பும். இதால்கோவின் படை செலாயாவிலிருந்து குவானஹுவாத்தோவுக்கு வந்த பாதை இது, எதிர்த்திசையில். இரண்டு மணி நேரம் இருக்கிறது. சொல்வதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் பயணிகள் அப்போது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எழுப்ப வேண்டாம். சலமான்கா நெருங்கும்போது மட்டும் ஒருவரையாவது தட்டி எழுப்பலாம். இருட்டில் வலப்பக்கமோ இடப்பக்கமோ, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்.